தொட்டுப் பார்க்கும் பொருட்காட்சி

பொருட்காட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு சிறு பலகை. ‘பொருள்களைத் தொடாதீர்கள்’ என்று அதில் எழுதியிருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு ஆசிரியரோடு வரிசையாகச் சென்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கண்டு வந்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பலகை சொல்வது முறைதான். ஆயிரம் ஆண்டு கடந்து வந்த சிலையை ஆயிரம் கைகள் தடவினால் அது தேய்ந்து போகும். கண்டு மகிழ்வதற்காக வடித்த பொருளைக் கண்டு மகிழ்ந்தால் போதும்.

ஆனால், கையால் இயக்குவதற்காகவே செய்யப்பட்ட பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டால், அதில் நாம் காண்பது என்ன? ஒலிக்காத வீணையைப் பார்த்து இசையை அறிய முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை கூறும் பொருட்காட்சி ஒன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ச் நகரில் இருக்கிறது. கணிப்பொறி வரலாற்று மையம் என்பது அதன் பெயர். 2013ஆம் ஆண்டு முதல் அந்நகரில் நடந்து வருகிறது. வீடுகளில் வைத்துப் பயன்படுத்திய பழைய கணிப்பொறிகளையும், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய விளையாட்டுக் கருவிகளையும் அங்கே திரட்டி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் முழுவதும் அங்கே செலவிடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அன்று கண்டவற்றையும், கண்டபோது என் மனத்தை உறுத்திய ஒன்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

உள்ளே நுழைந்தவுடன் காதில் விழுந்தது ஆரவாரம். சிறுவர்களும் பெரியவர்களும் பொறிகளின் முன் அமர்ந்து விசைகளைத் தட்டிக்கொண்டும், ஆடுகோலைத் திருப்பிக்கொண்டும், வென்றபோது கூவிக்கொண்டும் இருந்தனர். பொறிகள் பல உயிரோடு இயங்கிக்கொண்டிருந்தன. ‘தொடாதீர்கள்’ என்பதற்கு மாறாக, ‘தொடுங்கள், ஆடுங்கள், எழுதிப் பாருங்கள்’ என்பதே அவ்விடத்தின் வழக்கம்.

சில பத்தாண்டுகளே ஆன பொருளைப் ‘பழம்பொருள்’ என்பது தகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டத்தின் வேகத்தைக் கொண்டே தொன்மையை அளக்க வேண்டும். வீட்டில் வைத்து ஆடும் வீடியோ விளையாட்டுக் கருவிகளுள் முதலாவது, 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாக்னவாக்ஸ் ஒடிசி. அதன் மூலக் கருத்தை வகுத்தவர் ரால்ஃப் பேயர் என்னும் பொறியியலார். அந்தக் கருவியால் திரையில் காட்ட முடிந்தவை சில வெண்புள்ளிகளும் ஒரு கோடும் மட்டுமே. வண்ணம் இல்லை, ஒலி இல்லை. ஆடுகளம் வேண்டுமென்றால், வண்ணப்படம் அச்சிட்ட ஒளி ஊடுருவும் தாளைத் தொலைக்காட்சித் திரையின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். யார் எத்தனை புள்ளி பெற்றார் என்பதை ஆடுபவரே குறித்துக்கொள்ள வேண்டும். கருவியோடு தாயக்கட்டையும் சீட்டுகளும் கூடச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து, 1977இல், அட்டாரி நிறுவனத்தின் கருவி வந்தது. பின்னர் அட்டாரி 2600 என்று பெயர் பெற்ற அக்கருவியில், ஆட்டம் நடக்கும்போது குறிப்பு வைத்துக்கொள்ளும் நினைவகம் 128 பைட்தான். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்று கொண்டால், 128 எழுத்துகள். ஓர் அஞ்சலட்டையின் ஒரு பக்கத்தைக் கூட அது நிரப்பாது. அதற்குள் பந்தும் மட்டையும் பகைவரும் கோட்டையும் அடங்கி, கோடிக்கணக்கான சிறுவர்களை மகிழ்வித்தன என்றால், அவற்றை எழுதியவர்களின் சிக்கனத்தை என்னென்பது!

காட்சியில் இன்னொரு விந்தை. இன்றைய கணிப்பொறியின் உள்ளே நடக்கும் வேலை நகத்தளவே உள்ள சில்லு ஒன்றில் மறைந்து கிடக்கிறது. அதைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவலால், ஜேம்ஸ் நியூமன் என்பவர் ஏறத்தாழ 40,000 தனித்தனி டிரான்சிஸ்டர்களை இணைத்து, 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு செயலியை 2016இல் கட்டி முடித்தார். பத்தாயிரம் சிறு விளக்குகள் அதில் மின்னுகின்றன. ஓர் எண் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதை அதன் ஓரமாக நடந்துகொண்டே பார்க்கலாம். வகுப்பில் ஒரு மாதம் விளக்கிச் சொல்வதை அந்தச் சுவர் ஒரு நாழிகையில் காட்டிவிடுகிறது.

ஆனால், என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது வேறோர் இடம். 1980களின் பள்ளி வகுப்பறை ஒன்றை அங்கே அமைத்திருக்கிறார்கள். மேசைகளின் மேல் வெளிர்மஞ்சள் நிறப் பெட்டிகள். கறுப்பு விசைகள், மேல்வரிசையில் மட்டும் செந்நிற விசைகள். அவைதாம் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறிகள்.

அவை பிறந்த கதை கேட்கத் தக்கது. கணிப்பொறியைப் பற்றி நாட்டு மக்கள் அனைவருக்கும் கற்பிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் எண்ணியது. தொலைக்காட்சியில் பாடம் நடத்தினால் மட்டும் போதாது. பார்ப்பவர் கையில் ஒரு பொறியும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஓர் ஒலிபரப்பு நிறுவனம் ‘கேட்டால் மட்டும் போதாது’ என்று தானே உணர்ந்தது பாராட்டத் தக்கது. கேம்பிரிட்ச் நகரின் ஏகார்ன் என்னும் சிறிய நிறுவனம் அந்தப் பணிக்குப் போட்டியிட்டது. மாதிரிப் பொறியைக் காட்ட இருந்த காலமோ ஒரு வாரத்திற்குள்தான். நிறுவனத் தலைவர்களுள் ஒருவரான ஹெர்மன் ஹவுசர், சோஃபி வில்சனிடம் சென்று, ‘ஒரு வாரத்தில் முடியும் என்று ஸ்டீவ் ஃபர்பர் சொல்லிவிட்டார்’ என்றார். ஃபர்பரிடம் சென்று, ‘முடியும் என்று வில்சன் சொல்லிவிட்டார்’ என்றார். இருவரும் இசைந்தனர். இரவுபகலாக உழைத்தனர். பார்வையாளர் வருவதற்குச் சில மணி நேரத்திற்கு முன்பே அந்தப் பொறி உயிர் பெற்றது.

1981 டிசம்பரில் பி.பி.சி. மைக்ரோ வெளிவந்தது, 1982 சனவரியில் தொலைக்காட்சிப் பாடம் தொடங்கியது. மொத்தம் 12,000 பொறிகள் விற்கும் என்று முதலில் கணக்கிட்டார்கள். முடிவில் விற்றவை ஏறத்தாழ 15 இலட்சம். பள்ளிகள் கணிப்பொறி வாங்குவதற்கான செலவில் பாதியை அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டதால், அங்குள்ள பெரும்பாலான பள்ளிகளில் அது இடம் பெற்றது.

அந்தப் பொறியின் விசையைப் போட்டால் என்ன நிகழும்? ‘பூ – பீப்’ என்று இரட்டை ஒலி ஒன்று எழும். கறுத்த திரையில் இரண்டொரு சொற்கள் தோன்றும். அதன் கீழே ஒரு சிறு குறி. அதன் பக்கத்தில் மினுக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான். படம் இல்லை, பட்டியல் இல்லை, ‘இதை வாங்குங்கள், அதைப் பாருங்கள்’ என்னும் அழைப்பு இல்லை. ‘நீ சொல், நான் செய்கிறேன்’ என்று கைகட்டி நிற்கும் ஏவலனைப் போல அது காத்திருக்கும். ஆகவே, அதனிடம் ஏதேனும் வேலை வாங்க வேண்டுமானால், கட்டளைகளை வரிசைப்படுத்தி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டளை வரிசையைத்தான் நாம் நிரல் என்கிறோம்.

நான் நின்ற இடத்தின் அருகே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். தன் பெயரை அச்சிடச் சொல்லி முதல் வரி; மீண்டும் முதல் வரிக்கே போகச் சொல்லி இரண்டாம் வரி. இவ்வளவே அவள் எழுத முயன்ற நிரல். ஓர் எழுத்து பிசகியது. திரையில் ‘மிஸ்டேக்’ என்ற சொல் தோன்றியது. தவறு என்பது பொருள். அவள் மீண்டும் தட்டினாள். மீண்டும் ‘மிஸ்டேக்’. பக்கத்தில் நின்ற தொண்டர் ஒருவர் வாய் திறக்கவில்லை. கையை நீட்டவும் இல்லை. அவள் திரையை உற்று நோக்கினாள், விடுபட்ட எழுத்தைக் கண்டாள், திருத்தினாள். அடுத்த நொடி அவள் பெயர் மேலிருந்து கீழாக அருவிபோல் ஓடத் தொடங்கிற்று. அவள் முகத்தில் தோன்றிய ஒளியை நான் எப்படிச் சொல்வேன்!

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தவன் நான். பிழையைக் கண்டால் ஆசிரியருக்குச் சினம் வரும். பெற்றோருக்கு வருத்தம் வரும். உடன் பயில்வோருக்குச் சிரிப்பு வரும். அந்தப் பொறிக்கு மூன்றும் வரவில்லை. ஆயிரம் முறை தவறினாலும் ஆயிரம் முறையும் ஒரே குரலில் ‘தவறு’ என்று சொல்லிவிட்டு அது மறுபடியும் காத்திருக்கும். பிழையை இழிவாகக் கருதாமல் அடுத்த முயற்சிக்குப் படியாகக் கொள்ளும் பழக்கத்தை, எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த வெளிர்மஞ்சள் பெட்டிகள் கற்பித்திருக்கின்றன.

அக்காலப் பொறிகளுக்குப் பொறுமையும் வேண்டும். எழுதிய நிரலைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவே துணை. எழுத்துகளை உயர்ந்த ஒலியாகவும் தாழ்ந்த ஒலியாகவும் மாற்றி நாடாவில் பதிவார்கள். மீண்டும் வேண்டும்போது நாடாவை ஓடவிட்டு, பொறி அதைக் கேட்டு முடிக்கும் வரை நான்கைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நிரல் என்பது ஒலியாக இருந்தமையால் வானொலிக்கும் ஒரு வேலை கிடைத்தது. 1980களில் நெதர்லாந்து நாட்டு வானொலி, கணிப்பொறி நிரல்களையே ஒலிபரப்பியது. நான் இப்போது பேசுவதைப் போல ஒருவர் பேசி முடித்ததும், வண்டு இரைவது போன்ற ஒலி சில நிமிடம் கேட்கும். நேயர்கள் அதை நாடாவில் பதிந்து, தங்கள் பொறிக்குள் செலுத்தி இயக்குவார்கள். வெவ்வேறு நிறுவனத்தாரின் பொறிகளுக்கும் ஒத்துவரும் பொதுமொழி ஒன்றையும் இதற்கென வகுத்திருந்தனர்.

குறைந்த வசதி கூர்த்த அறிவை எப்படி வளர்க்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டேவிட் பிரேபன், இயன் பெல் என்போர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழக மாணவர். விண்வெளியில் வணிகம் செய்யும் ‘எலீட்’ என்னும் விளையாட்டை அவ்விருவரும் பி.பி.சி. மைக்ரோவுக்காக எழுதினர், 1984இல் அது வெளிவந்தது. அதில் எட்டு விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். ஆக மொத்தம் 2,048. ஒவ்வோர் உலகிற்கும் பெயர், அமைவிடம், ஆட்சிமுறை, பொருள்களின் விலை எல்லாம் உண்டு. பொறியின் நினைவகமோ 32 கிலோபைட். இருபது பக்கச் சிறுநூல் ஒன்றின் அளவு. அதிலும் ஒரு பகுதியைத் திரையில் தோன்றும் படமே விழுங்கிவிடும். இத்தனை உலகங்களை எங்கே வைப்பது?

அவர்கள் எதையும் வைக்கவில்லை. தொடக்கமாகச் சில எண்களை மட்டும் கொடுத்து, அவற்றைக் கூட்டி அடுத்த எண்ணையும், அதிலிருந்து அதற்கடுத்த எண்ணையும் பெறும் ஒரு விதியை எழுதினர். வேண்டியபோது வேண்டிய உலகம் அந்த எண்களிலிருந்து முளைத்துவிடும். எத்தனை முறை முளைத்தாலும் அதே உலகமாகவே முளைக்கும். நம் வீட்டுப் பெண்மக்கள் வாசலளவு பெரிய கோலத்தை மனத்தில் சுமப்பதில்லை. புள்ளிக் கணக்கையும் இழை வளையும் முறையையும்தான் சுமக்கிறார்கள். கை தொட்டால் கோலம் விரிகிறது. அந்த மாணவர் செய்ததும் அதுதான்.

இவ்வளவும் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டிய நான், அந்த வகுப்பறையில் தலைகுனிந்து நின்றேன். அதற்குக் காரணம் உண்டு.

1984–85ஆம் ஆண்டில் நம் நாட்டு அரசு, பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தனர். அப்பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டவை இதே பி.பி.சி. மைக்ரோ பொறிகளே. அவற்றுள் ஒரு பள்ளியில் நான் அப்போது இளம் கணித ஆசிரியன். சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். பொறிகளுக்கு என்னைப் பொறுப்பாளனும் ஆக்கினார்கள். தனி அறை ஒதுக்கினோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரலாம். பொறிகளுக்குத் துணியுறை தைத்துப் போர்த்தினோம். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டோம். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வோர் உறுப்பின் விலையையும் என் கையாலேயே எழுதினேன். எழுதியபோது என் கை நடுங்கியது. ஒன்று பழுதானாலும் தணிக்கையில் என்ன விடை சொல்வது? என் சம்பளத்தில் பிடித்தால் எத்தனை ஆண்டு பிடிப்பார்கள்?

வாரத்தில் ஒருநாள் மாணவரை உள்ளே அழைத்து வரிசையாக நிற்க வைப்பேன். நான் விசைகளைத் தட்டுவேன், அவர்கள் பார்ப்பார்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எல்லாரும் போன பிறகும் வாசலில் நின்றான். “சார், ஒரே ஒரு தடவை நான் தட்டிப் பார்க்கட்டுமா சார்?” என்று கேட்டான். “கெட்டுப் போனால் யார் பொறுப்பு? பார்த்தது போதும், போ” என்று சொல்லி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் மறுபடியும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளில் அப்பொறிகள் ஒவ்வொன்றாக நின்று போயின. உழைத்துத் தேயவில்லை; ஈரக்காற்றிலும் தூசியிலும் கிடந்தே கெட்டன. கழிவுப் பொருள் என்று எழுதித் தள்ளினோம். பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. தணிக்கையாளர் கையொப்பமிட்டுச் சென்றார். ஆனால், அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கேம்பிரிட்சில் அந்தச் சிறுமியின் பக்கத்தில் வாய் திறவாமல் நின்ற தொண்டரைப் பார்த்தபோது, அவர் இருந்த இடத்தில் நான் அன்று இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது.

இந்தப் பொருட்காட்சியை நடத்துவோருக்கும் அச்சம் இல்லாமல் இல்லை. பழைய பொறிகளின் உள்ளே உள்ள மின்தேக்கிகள் நாளடைவில் வெடித்துப் புகையும். மின்கலம் கசிந்து இணைப்புகளை அரிக்கும். வெயில் பட்டால் நெகிழிப் பெட்டி பழுப்பேறும். ஒலிநாடாவில் பதிந்தவை மங்கும். பலர் கை பட்டால் விசைகள் தளரும். அதே வகைப் பொறிகள் இனிப் பிறக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் தொடவிடுகிறார்கள் என்றால், தேய்மானத்தை எண்ணிப் பார்த்தே அவ்வாறு செய்கிறார்கள். பழுதானால் திறந்து பார்க்கிறார்கள்; கெட்ட உறுப்பை மாற்றுகிறார்கள்; மீண்டும் மேசையில் வைக்கிறார்கள். கிடைத்தற்கரிய பொருளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பதும், பல படிகள் உள்ள பொருளைக் கைக்குக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எதை எப்படிக் காப்பது என்று பகுத்தறிவதே காப்பாளர் கடமை. நான் அன்று செய்யத் தவறியது அந்தப் பகுப்பு.

கையில் கொடுத்ததால் விளைந்த பயனையும் சொல்லியாக வேண்டும். பி.பி.சி. மைக்ரோவைச் செய்த அதே வில்சனும் ஃபர்பரும் பின்னர் ஒரு புதிய செயலியை வகுத்தனர். அது எப்படி இயங்கும் என்பதை பி.பி.சி. மைக்ரோவிலேயே நிரல் எழுதிச் சோதித்தனர். 1985 ஏப்ரலில் முதற்சில்லு வந்து சேர்ந்து, பொருத்தியவுடனே இயங்கியது. அது எவ்வளவு மின்சாரம் கொள்கிறது என்று ஃபர்பர் அளக்க முயன்றார். கருவி சுழி காட்டியது. ஆராய்ந்தபோது, சில்லுக்கு மின்சாரம் தரும் இணைப்பே இல்லை என்பது தெரிந்தது. மற்ற கம்பிகளின் வழியே கசிந்து வந்த சிறு மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது! அத்துணைச் சிக்கனம். ஆர்ம் என்று பெயர் பெற்ற அந்தக் குடும்பத்தின் வழிவந்த செயலிகளே இன்று உலகின் திறன்பேசிகள் பெரும்பாலானவற்றில் இருக்கின்றன. உங்கள் வீட்டுத் திறன்பேசிக்கும் அந்த வெளிர்மஞ்சள் பெட்டிக்கும் உறவு இருக்கிறது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. பொறிகள் வளர வளர, தொடுபவர் எழுதுவது குறைந்தது. 2000களில், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் பயில வந்த மாணவருள் நிரல் எழுதிப் பழகியவர் குறைந்து வருவதை ஆசிரியர்கள் கண்டனர். பிள்ளைகள் துணிந்து கெடுத்துப் பார்க்கத் தக்க மலிவான பொறி ஒன்று வேண்டும் என்று எபன் அப்டன் முதலியோர் முயன்றனர். அதன் பயனாக 2012இல் பிறந்தது ராஸ்பெரி பை என்னும் சீட்டளவே உள்ள கணிப்பொறி. 35 டாலர் விலையில் வந்த அதன் முதல் வகைக்கு ‘மாடல் பி’ என்று பெயரிட்டனர். பி.பி.சி. மைக்ரோவின் வகைப் பெயரை நன்றியோடு நினைவுகூர்ந்து இட்ட பெயர் அது.

மாணவ நண்பர்களே, கேம்பிரிட்சுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டாது. கிட்ட வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ கணிப்பொறி அறை ஒன்று இருக்கும். அங்கே போய் அமருங்கள். பிறர் எழுதிய ஆட்டத்தை ஆடுவதோடு நில்லாமல், பத்து வரியில் நீங்களே ஒரு நிரல் எழுதுங்கள். முதல் நாள் பிழைதான் வரும். வரட்டும். எந்த எழுத்து பிசகியது என்று நீங்களே தேடுங்கள். பிறரைத் தேட விடாதீர்கள்.

அந்த அறைகளின் சாவியைப் பையில் வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். பள்ளி விட்ட பிறகு வாசலில் ஒரு பையனோ பெண்ணோ தயங்கி நின்றால், கதவைத் திறந்துவிடுங்கள். பொறி பழுதானால் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம்.